டின் மீன் கெட்டுப்போனால்: சரக்கை அதிகாரிகள் கைப்பற்றுவது எப்படி, எதற்காக?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு டின் புதிதல்ல. மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலைகளிலிருந்து 3.1 கிலோ டின்கள் லாரி லாரியாக வெளியேறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். ஆனால் அந்தத் தகரத்துக்குள் மாங்கூழுக்குப் பதிலாக மத்தியோ சூரையோ போனால் கணக்கே மாறிவிடுகிறது. மாங்கூழ் புளிப்புள்ள பொருள். புளிப்பைக் காட்டும் அதன் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருக்கும்வரை, கொதிநீர்ச் சூடே அதைப் பத்திரப்படுத்தப் போதும். மீனின் பிஎச் 6-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரைத் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். பிறகு காற்றே இல்லாத டின்னுக்குள் முளைத்து, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். அதனால்தான் மீன் டின்னை ரிட்டார்ட் என்ற அழுத்தக் கலனில் வைத்து, 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 3 நிமிடம் வெந்ததற்குச் சமமான வேக்காடு டின்னின் நட்டநடுவுக்கும் கிடைக்கும்படி வேகவைக்கிறார்கள்.

இந்த வேக்காட்டில் குறை இருந்தாலோ, மூடி சரியாக மடிந்து ஒட்டாமல் போனாலோ, பாதிப்பு ஒரு டின்னோடு நிற்காது. அன்று அதே இயந்திரத்தில், அதே கலனில் ஏறிய அத்தனை டின்னும் சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிடும். யாராவது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஒவ்வொரு கடையாகத் தேடிப் போவது உதவாது. விற்பனைக்கு முன்பே சரக்கை அப்படியே நிறுத்தி வைக்கும் அதிகாரம் அரசுக்கு வேண்டும். அந்த அதிகாரம்தான் சரக்கைக் கைப்பற்றுவது. செய்தித்தாளில் ‘பறிமுதல்’ என்று போட்டாலும், கைப்பற்றிய அந்த நிமிடமே சரக்கு அரசுடைமை ஆகிவிடுவதில்லை, கடைக்காரர் குற்றவாளி என்று முடிவாகிவிடுவதும் இல்லை. உண்மை தெரியும்வரை அந்தச் சரக்கு நகரக் கூடாது, அவ்வளவுதான்.

டின்னைப் பார்த்து எவ்வளவு தெரியும்?

நல்ல மீன் டின்னின் மேல்மூடியும் அடிமூடியும் லேசாக உள்வாங்கி இருக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு பக்கம் புடைத்து, விரலால் அமுக்கினால் மறுபக்கம் புடைத்துக்கொள்கிறது என்றால் உள்ளே வாயு சேரத் தொடங்கியிருக்கலாம். இரு பக்கமும் புடைத்து, அமுக்கினால் சற்றே உள்ளே போகிறது என்றால் நிலைமை இன்னும் மோசம். அமுக்கவே முடியாத அளவுக்குக் கல்லாக உப்பியிருந்தால் அந்த டின் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அதை ஆட்டிப் பார்ப்பது, குத்திப் பார்ப்பது எதுவும் கூடாது.

உப்பலுக்குக் காரணம் பாக்டீரியாவாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தக்காளிச் சாற்றில் போட்ட மத்தியில், டின்னின் உட்பூச்சு உரிந்திருந்தால், புளிப்பு தகரத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். மீனைத் திணித்து அடைத்து, வெற்றிடத்துக்கு இடம் விடாமல் மூடியிருந்தாலும் டின் உப்பும். ஓசூர் பக்கம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. கடற்கரை ஊர் ஆலையில் அடைத்த டின் அங்கே வந்து சேரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். முறையாக வெற்றிடம் வைத்து மூடிய டின்னை இது ஒன்றும் செய்யாது. அளவுக்கு மீறி நிரப்பிய டின்தான் மேட்டுக்கு ஏறியதும் மூடியைத் தூக்கிக் காட்டும். எந்த உப்பல் எதனால் வந்தது என்று கடை வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே உப்பிய டின் எல்லாவற்றையும் ஆபத்தானதாகவே எடுத்துக்கொள்வதுதான் முறை.

அடுத்துப் பார்க்க வேண்டியது மூடியும் உடலும் சேரும் இரட்டை மடிப்பு. அங்கே தகரம் ஐந்து அடுக்காக மடிந்து, நடுவில் ரப்பர் போன்ற பசையோடு இறுகியிருக்கும். டின்னின் வயிற்றில் விழுந்த மழுங்கலான நெளிவு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதே அடி மடிப்பின் மேல் விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத சந்து வழியாக நீரும் கிருமியும் உள்ளே இழுக்கப்படும். துடைத்தால் போகிற துரு வேறு, தகரத்தில் குழி விழுந்த துரு வேறு. பின்னது ஊசித்துளையில் போய் முடியும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1978-ல் ஒரே சால்மன் டின்னைப் பகிர்ந்து சாப்பிட்ட நான்கு பேரைப் பொட்டுலின நஞ்சு தாக்கி, இருவர் இறந்தார்கள். டின்னில் இருந்த சிறு துளை வழியாக, வெந்து முடிந்த பிறகு, குளிரும் நேரத்தில் கிருமி உள்ளே போயிருந்ததுதான் காரணம்.

இனி, வெளியிலிருந்து தெரியவே தெரியாத கேடுகள். சூட்டை விரும்பும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் ரிட்டார்ட் வேக்காட்டையும் தாண்டி நிற்கும். சாதாரண வெப்பத்தில் அவை தூங்கிக் கிடக்கும். சித்திரை வெயிலில் தர்மபுரியில் தகரக் கூரை போட்ட குடோனில், கூரையை ஒட்டி அடுக்கிய பெட்டிகளுக்குள் வெப்பம் ஏறினால் விழித்துக்கொள்ளும். இவற்றில் ஒரு வகை வாயுவே உண்டாக்காது. டின் தட்டையாகவே இருக்க, உள்ளே மீன் புளித்துப்போயிருக்கும்.

இன்னொன்று ஹிஸ்டமின். மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் போடாமல் விட்டால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையிலிருந்து ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். பிறகு எந்தச் சூட்டில் வேகவைத்தாலும் அது போகாது. டின் குறையின்றி இருக்கும், மடிப்பு கச்சிதமாக இருக்கும், நாற்றமும் இருக்காது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், டின் மத்தியில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராமைப் பாதுகாப்பு வரம்பாக வைத்திருக்கிறது. இதை ஆய்வகம்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. டின்னுக்குள் கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும் துகள்கள் கிடந்தால் பலரும் பதறிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஸ்ட்ரூவைட். மீனிலேயே உள்ள மக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் சேர்ந்து உறைந்த உப்புப் படிகம். பொடித்துச் சூடான வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டால் கரைந்துவிடும். கண்ணாடி கரையாது. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் நல்ல சரக்கை நிறுத்தி வைப்பது வியாபாரிக்குச் செய்யும் அநியாயம்.

சட்டத்தின் பிடி

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்து, 1954-ம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் விலகியது. மாவட்ட அளவில் நியமன அலுவலரும், அவருக்குக் கீழே வட்டாரம் வட்டாரமாக உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். மாதிரி எடுப்பது, உள்ளே நுழைந்து சோதனை போடுவது, சட்டத்துக்கு மாறாகத் தெரியும் உணவைக் கைப்பற்றுவது ஆகிய அதிகாரங்களை உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தருவது 38-ம் பிரிவு.

டின் சரக்கைப் பொறுத்தவரை 26-ம் பிரிவில் உள்ள ஓர் அனுமானம் மிக முக்கியமானது. ஒரு பேட்சில், அதாவது சேர்ந்தாற்போல் தயாராகி ஒரே எண் பெற்ற தொகுதியில், உள்ள ஓர் உணவு பாதுகாப்பற்றது என்றால், விரிவான ஆய்வில் மீதி நல்லது என்று தெரியவரும்வரை அந்த பேட்ச் முழுவதும் பாதுகாப்பற்றது என்றே கொள்ளப்படும். டின்னின் மூடியில் அச்சடித்தோ அழுத்தியோ இருக்கும் குறியீட்டின் மதிப்பு இங்கேதான் புரிகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மொத்த வியாபாரியின் குடோனில் 40 பெட்டி மத்தி இருக்கிறது, பெட்டிக்கு 48 டின், ஆக 1,920 டின் என்று வைத்துக்கொள்வோம். மூன்று டின் உப்பியிருக்கிறது, மூன்றும் ஒரே பேட்ச். அந்த பேட்சில் 25 பெட்டி இருந்தால் 25 பெட்டியும், அதாவது 1,200 டின்னும் நிற்கும். ‘உப்பின மூணையும் எடுத்துக்கங்க, மத்ததை விட்டுடுங்க’ என்ற வாதம் எடுபடாது. வேறு பேட்சைச் சேர்ந்த 15 பெட்டியைக் காரணமே இல்லாமல் சேர்த்து நிறுத்துவதும் சரியல்ல. நியாயமான காரணமின்றித் தொல்லை கொடுக்கும் நோக்கில் சரக்கைக் கைப்பற்றும் அலுவலருக்கு 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க 39-ம் பிரிவு இடம் தருகிறது.

அமெரிக்காவில் 1906-ம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டப்படி வழக்கே சரக்கின் மீதுதான் தொடரப்பட்டது. ‘அமெரிக்க அரசு எதிர் இத்தனை பெட்டி சால்மன்’ என்ற பாணியில் அந்த வழக்குகளுக்குப் பெயர் இருக்கும். உரிமை கோரி யாரும் வராவிட்டால் நீதிமன்றம் சரக்கை அழிக்க உத்தரவிடும். நம் சட்டத்தில் வழக்கு ஆளின் மீது. சரக்கு அதுவரை காவலில் இருக்கும்.

குடோனில் என்ன நடக்கும்

அலுவலர் முதலில் தன்னை அடையாளம் காட்டி, உரிமத்தையும் கொள்முதல் பில்லையும் கேட்பார். உரிம எண் 14 இலக்கம். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. பிறகு சாட்சியாக ஒருவரையோ பலரையோ அழைத்து, அவர்கள் முன்னிலையில் சரக்கை எண்ணி, பேட்ச் வாரியாகப் பிரித்து எழுதுவார். சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். இப்படிச் சாட்சிகள் முன் எழுதும் மகஜரில் ‘கெட்டுப்போன மீன் டின் 25 பெட்டி’ என்று மட்டும் எழுதினால் அது அரைகுறை. பொருளின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, நிகர எடை, டின்களின் எண்ணிக்கை, அதில் எத்தனை உப்பல், எத்தனை துரு, எத்தனை நல்ல தோற்றத்தில் இருக்கிறது என்பதெல்லாம் வர வேண்டும்.

மாதிரி எடுப்பதாக இருந்தால் அதற்குத் தனி நோட்டீஸ்: படிவம் 5-ஏ. மாதிரிக்கு உரிய விலையை அலுவலர் கொடுத்துவிட வேண்டும். மாதிரி நான்கு பங்காகும். டின் என்பதால் உடைத்துப் பிரிப்பதில்லை. ஒரே லேபிள் விவரமுள்ள, ஒரே பேட்ச் டின்களைத் தேவையான எடைக்கு எடுத்து ஒவ்வொரு பங்காக வைப்பார்கள். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்கு நியமன அலுவலரிடம். நான்காவதைத் தன் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி வியாபாரி கேட்கலாம். இந்த உரிமை தங்களுக்கு இருப்பதே பல கடைக்காரர்களுக்குத் தெரியாது. நோட்டீஸ் கையில் வரும்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். இரு ஆய்வக முடிவும் முரண்பட்டால் மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி.

ஒவ்வொரு பங்கையும் தடித்த காகிதத்தில் சுற்றி, நியமன அலுவலரின் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் உள்ள சீட்டை அடியிலிருந்து மேல்வரை சுற்றி ஒட்டுவார்கள். சீட்டிலும் காகிதத்திலும் பாதிப்பாதி விழும்படி வியாபாரி கையெழுத்துப் போடுவார். பிறகு நூலால் கட்டி நான்கு அரக்கு முத்திரை: மேலே ஒன்று, அடியில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. அதே முத்திரையின் நகல் தனி உறையில் ஆய்வகத்துக்குப் போகும். இரண்டையும் பகுப்பாய்வாளர் ஒப்பிட்டுப் பார்ப்பார். மாதிரி அடுத்த வேலை நாளுக்குள் அனுப்பப்பட்டுவிட வேண்டும். நம் பகுதிக்குப் பக்கத்தில் சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

மீதிச் சரக்கைப் பெரும்பாலும் அங்கேயே முத்திரையிட்டு, வியாபாரியின் பொறுப்பிலேயே விட்டுவைப்பார்கள். சரக்கின் மதிப்புக்கு ஈடாகப் பிணையப் பத்திரம் கேட்கலாம். அதன் பிறகு ஒரு பெட்டியை நகர்த்தினாலும் தனிக் குற்றம்: 60-ம் பிரிவின்படி 6 மாதம்வரை சிறை, 2 லட்சம்வரை அபராதம். ‘கம்பெனிக்காரன் வண்டி வந்தது, திருப்பி அனுப்பிட்டேன்’ என்பதும் இதில்தான் சேரும்.

ஆய்வகத்தில்

டின்னைத் திறக்கும் முன்பே பாதி வேலை இருக்கிறது. மடிப்பை அளப்பது, வெற்றிட அளவைப் பார்ப்பது, நல்ல தோற்றமுள்ள டின்களை 35 முதல் 37 டிகிரியில் பல நாள் வைத்து உப்புகிறதா என்று கவனிப்பது. சூடு விரும்பும் பாக்டீரியாவுக்காக 55 டிகிரியில் தனியாக வைப்பார்கள். அதனால்தான் உப்பிய டின்னோடு, அதே பேட்சின் நல்ல தோற்றமுள்ள டின்னும் போக வேண்டும். உப்பியதை மட்டும் அனுப்பினால், கேடு பேட்ச் முழுவதும் பரவியதா, கீழே விழுந்து அடிபட்ட டின்னோடு நிற்கிறதா என்ற முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைக்காது.

மாதிரி கிடைத்த 14 நாளுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக இருந்தால், அதன் நகல் கிடைத்த 30 நாளுக்குள் வியாபாரி நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்த 30 நாளைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

யார் தலையில் விழும்?

லேபிள் தவறு என்றால் 3 லட்சம்வரையும், தரம் குறைவு என்றால் 5 லட்சம்வரையும் அபராதம். இவை தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணைக்கு வரும். பாதுகாப்பற்ற உணவு என்றால் 59-ம் பிரிவு, குற்றவியல் நீதிமன்றம். யாருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும் சிறை உண்டு. உயிர் போயிருந்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

ஆலையின் தவறுக்குக் கடைக்காரர் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். சட்டமும் அதை யோசித்திருக்கிறது. யாரிடம் வாங்கினார் என்பதைப் பில்லோடு காட்டி, லேபிளில் சொன்னபடி வெயில் படாமல் வைத்திருந்ததையும் காட்ட முடிந்தால், பொறுப்பு மேலே விநியோகஸ்தருக்கும் தயாரிப்பாளருக்கும் நகரும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கிப் போட்ட சரக்கில் இது நடக்காது; யாரிடமிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பாளி. தேதி முடிந்த பிறகு விற்றாலும் அப்படித்தான். தேதி முடிந்த டின்களை விற்பனை அலமாரியிலிருந்து எடுத்து, ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதித் தனி இடத்தில் வைத்திருப்பது கடைக்காரருக்கு நல்ல பாதுகாப்பு. தின்னரால் பழைய தேதியை அழித்துப் புதிதாக அச்சடித்த டின் சிக்கினால் மன்னிப்புக்கு இடமே இல்லை. அப்படி அழித்த இடத்தில் வார்னிஷின் பளபளப்பு மங்கியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

அழிப்பது

மீன் அழுகிச் சாப்பிட முடியாத நிலைக்குப் போய்விட்டது என்று தெளிவாகத் தெரிந்தால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அழிக்க உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு 38-ம் பிரிவே அதிகாரம் தருகிறது. டின்களை அப்படியே குப்பைக் கிடங்கில் கொட்டுவது மிக மோசமான வழி. பொறுக்குகிறவர்கள் எடுப்பார்கள், லேபிள் நன்றாக இருந்தால் எங்காவது சந்தைக்குத் திரும்பி வரும். மக்கள் குடியிருப்புக்கும் கிணறு, ஏரிக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, டின்களைப் புல்டோசரால் நசுக்கியோ வெட்டியோ உள்ளே போட்டு, சுண்ணாம்பு அல்லது பிளீச்சிங் பவுடர் தூவி மண் மூட வேண்டும். கல்லாக உப்பியவற்றை யாரும் கையால் குத்தக் கூடாது. பீய்ச்சி அடிக்கும் நீர் கண்ணிலும் வாயிலும் படும். எண்ணிக்கையும் புகைப்படமும் சாட்சிக் கையெழுத்தும் இல்லாமல் எதையும் புதைக்கவும் கூடாது.

வாங்குபவர் செய்ய வேண்டியது

வீட்டில் டின் உப்பியிருந்தாலோ, திறக்கும்போது வாயு சீறினாலோ, நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். பொட்டுலின நஞ்சுக்கு மணமோ ருசியோ கிடையாது. ‘நல்லா கொதிக்க வைச்சா சரியாயிடும்’ என்று நினைக்க வேண்டாம். அந்த நஞ்சு சூட்டில் அழியும் என்பது உண்மைதான், ஆனால் ஹிஸ்டமின் அழியாது, திறக்கும்போது அடுப்படியில் தெறித்ததும் அப்படியே இருக்கும். சாப்பிட்டுவிட்ட பிறகு பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், டின் மீன் சாப்பிட்டதை முதலிலேயே சொல்லுங்கள். அறிகுறி தெரிய பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் ஆகும் என்பதால், முந்தின நாள் சாப்பாட்டை யாரும் நினைப்பதில்லை.

புகாருக்கு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்ஆப் எண் 9444042322. மூடியில் உள்ள பேட்ச் எண், தேதி, உரிம எண், கடையின் பில் நான்கையும் படமெடுத்து அனுப்புங்கள். கட்டணம் கட்டி நீங்களே மாதிரியைப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கவும் 40-ம் பிரிவு வழி வைத்திருக்கிறது. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். திறக்காத டின் இருந்தால் அப்படியே வையுங்கள். திறந்துவிட்டால் டின்னை மூடியோடு கனமான பாலிதீன் பையில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மூடியைத் தூக்கி எறிந்துவிட்டால் பேட்ச் எண்ணும் அதோடு போய்விடும். எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு கடையில் மீதி இருக்கும் சரக்கில் எதை நிறுத்துவது என்று அலுவலரால் சொல்ல முடியாது.